டெலோமியர் பரிசோதனைக்குக் காசு கட்டுவதா, மூச்சுத்திறனை ஏற்றுவதா?

காலைநடை_செங்காங்

வணக்கம். வயது 52, ஆண், எடை 72 கிலோ, ஓய்வில் நாடித்துடிப்பு 70. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. வாரம் ஐந்து நாள் பூங்கா இணைப்புப் பாதையில் 40 நிமிடம் நடை, பேசிக்கொண்டே போகிற வேகம்.

"உங்கள் உயிரணுவின் வயதைச் சொல்கிறோம்" என்று டெலோமியர் (குரோமோசோமின் நுனித் தொப்பி) நீளத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று விளம்பரத்தில் வருகிறது. சில நூறு வெள்ளி. இப்போது ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று எடுத்துப் பார்த்தால், உடற்பயிற்சி உயிரணு மூப்பைத் தள்ளிப்போடுகிறதா என்று தெரிந்துவிடுமா? இந்த நடையே போதுமா, ஓடித்தான் ஆக வேண்டுமா? நம்ம சிங்கப்பூர் வெக்கையில் இதயத்துடிப்புக் கணக்கெல்லாம் எடுபடுமா என்பதும் சந்தேகம். தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுச்செல்

தாராளமாக எடுங்கள் அண்ணே. 2019ல் ஜெர்மனியில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆரோக்கியமானவர்களை ஆறு மாதம், வாரம் மூன்று தடவை, 45 நிமிடம் வீதம் பழக்கினார்கள். ஒரு குழுவுக்குச் சீரான ஓட்டம், இன்னொன்றுக்கு 4×4 இடைவெளிப் பயிற்சி (நான்கு நிமிட வேகச் சுற்று நான்கு தடவை, நடுவே மெதுவாக), மூன்றாவதற்கு எடைக் கருவிகள், நான்காவது குழு பழையபடி சும்மா. முதல் இரண்டு குழுக்களிலும் வெள்ளை அணுக்களில் டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் வேகம் இரண்டு மூன்று மடங்கு ஏறியது, டெலோமியரும் நீண்டது. எடைக் குழுவில் அப்படி நடக்கவில்லை. ஆறே மாதத்தில் நடக்கிற மாற்றம் என்றால் பரிசோதனைத் தாளிலும் தெரியத்தானே வேண்டும்?

நுண்குழாய்

ஆய்வு உண்மை. அதிலிருந்து நீங்கள் தாண்டிய தாண்டல்தான் இடிக்கிறது. குழுவின் சராசரியில் தெரிகிற மாற்றம் ஒருவரின் தாளில் தெரியாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. கணக்கைப் பாருங்கள்.

டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனியில் ஒரே ஆறெழுத்து மரபுத் தொடர் ஆயிரக்கணக்கான தடவை அடுக்கப்பட்ட தொப்பி மாதிரி. உயிரணு பிரியும்போது கடைசித் துண்டைப் படியெடுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைகிறது. ஐம்பதுகளில் உள்ளவரின் வெள்ளை அணுக்களில் சராசரி நீளம் சுமாராக 6,000 முதல் 7,000 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 முதல் 40 எழுத்து தேய்கிறது. வணிகப் பரிசோதனைகளில் பலவும் பிசிஆர், அதாவது மரபுத் துண்டைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் முறைதான். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினாலே 5 விழுக்காடு முன்பின் வருவது சாதாரணம். 6,500ல் 5 விழுக்காடு 325 எழுத்து. ஆண்டுக்கு 25 என்று வகுத்தால் 13 ஆண்டு! ஆறு மாதம் கழித்து "13 வயது இளமையாகிவிட்டீர்கள்" என்று தாள் வந்தாலும், "13 வயது கிழடாகிவிட்டீர்கள்" என்று வந்தாலும், அது இயந்திரத்தின் தள்ளாட்டமாக இருக்கலாம். துணிக்கடை அளவுநாடாவால் முடியின் தடிமனை அளப்பதற்குச் சமம்.

அது போக, அளக்கப்படுவது பலவகை வெள்ளை அணுக்களின் கலவை. ஒவ்வொரு வகைக்கும் டெலோமியர் நீளம் வேறு. சளி பிடித்திருந்தாலோ, காலையில் கடுமையாக ஓடிவிட்டு ரத்தம் கொடுத்தாலோ கலவை மாறும், சராசரியும் நகரும். ஆனால் ஒரு அணுவில்கூட எழுத்து கூடியிருக்காது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இதயத் தசையும் எலும்புத் தசை நாரும் வெள்ளை அணுக்களைப் போலப் பிரிந்துகொண்டே இருப்பவை அல்ல. அங்கே மூப்பு வேறு வழியில் வருகிறது: உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன, பழுதானவற்றை அகற்றும் வேலை மந்தமாகிறது. வெள்ளை அணுவின் டெலோமியர் அதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. 2017ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில் 12 வாரக் கடும் இடைவெளிப் பயிற்சிக்குப் பிறகு தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் திறன் இளையவர்களுக்கு 49 விழுக்காடு, 65 வயது தாண்டியவர்களுக்கு 69 விழுக்காடு கூடியது. ஏரோபிக் பயிற்சி (நடை, ஓட்டம் போல மூச்சு வாங்கச் செய்வது) பெரிதாக நகர்த்துவது இதைத்தான். இதை நேரடியாக அளக்கத் தொடைத் தசையில் ஊசி போட்டுத் துண்டு எடுக்க வேண்டும், யாரும் சம்மதிக்கமாட்டார்கள். ஆனால் இதயம், ரத்தம், தசை மூன்றும் சேர்ந்து ஆக்சிஜனை எவ்வளவு கொண்டுபோய் எரிக்கின்றன என்பதை வெளியிலிருந்தே அளக்கலாம். அதுதான் விஓ2 மேக்ஸ்: ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன்.

புதுச்செல் தம்பிக்கு இரண்டு குறிப்பு. அந்த ஜெர்மன் ஆய்வில் சேர்ந்தவர்கள் 266 பேர், முடித்தவர்கள் 124. பாதிக்கு மேல் நடுவில் கழன்றுகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்து, டெலோமியர் நீளமாக இருப்பது எல்லா வகையிலும் நல்லது என்பதும் இல்லை. 2017ல் வந்த பெரிய மரபணு ஒப்பீட்டில், பிறவியிலேயே நீளம் கூடியவர்களுக்கு இதய நோய் அபாயம் குறைவு, சில புற்றுநோய்களின் அபாயம் கூடுதல் என்று தெரிந்தது.

புதுச்செல்

சரி, 13 ஆண்டுக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 2,401 இரட்டையர்களை வைத்து 2008ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், நிறைய அசைபவருக்கும் அசையாதவருக்கும் 200 எழுத்து வித்தியாசம் இருந்ததே?

நுண்குழாய்

இருந்தது. ஆனால் அது ஒரே நேரத்தில் எடுத்த படம். நடப்பதால் டெலோமியர் நீண்டதா, உடம்பு நன்றாக இருப்பவர்கள் நிறைய நடக்கிறார்களா என்பதை அந்தப் படம் பிரித்துக் காட்டாது. நீங்கள் முதலில் சொன்ன ஜெர்மன் ஆய்வு ஆட்களைக் குலுக்கிப்போட்டுக் குழுக்களாகப் பிரித்தது, அதனால் அதற்கு மதிப்பு அதிகம். ஏரோபிக் பயிற்சிக்கும் டெலோமரேசுக்கும் தொடர்பு உண்டு என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஒருவர் காசு கொடுத்து அளக்கிற எண்ணாக அது இன்னும் பழுக்கவில்லை, அவ்வளவுதான்.

மெதுவோட்டம்_தெம்பனிஸ்

அப்படியானால் அளக்க வேண்டியதை எப்படி அளப்பது என்று சொல்கிறேன். ஆய்வகத்து முகமூடி தேவையில்லை.

உங்களுக்கு ராக்போர்ட் நடைச் சோதனை சரிப்படும். ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர். 400 மீட்டர் தடத்தின் உள்வரிசையில் நான்கு சுற்றும் ஒன்பது மீட்டரும். ஓடாமல், முடிந்த அளவு வேகமாக நடக்க வேண்டும். முடித்த நொடியில் இதயத்துடிப்பைக் குறியுங்கள், பத்து நொடி தாமதித்தாலும் எண் இறங்கிவிடும். பிறகு கணக்கு: 132.853ல் இருந்து எடையை (கிலோ) 0.1695ஆல் பெருக்கிக் கழிக்கவும், வயதை 0.3877ஆல் பெருக்கிக் கழிக்கவும், ஆண் என்றால் 6.315 கூட்டவும், நேரத்தை (நிமிடம்) 3.2649ஆல் பெருக்கிக் கழிக்கவும், இதயத்துடிப்பை 0.1565ஆல் பெருக்கிக் கழிக்கவும். 15 நிமிடம் 30 நொடியை 15.5 என்று போட வேண்டும், 15.3 அல்ல. அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான்.

தேசிய சேவைக்காரர்களுக்கு இன்னும் எளிது. ஐபிபிடி உடல்தகுதித் தேர்வில் ஓடிய 2.4 கிலோமீட்டர் நேரத்தை எடுத்து, 483ஐ நிமிடத்தால் வகுத்து 3.5 கூட்டினால் போதும். 12 நிமிடம் என்றால் 43.75, 16 நிமிடம் என்றால் 33.7. ஆனால் 52 வயதில் பழக்கம் இல்லாமல் 2.4ஐ முழு வேகத்தில் ஓடிப் பார்க்காதீர்கள்.

இனி பயிற்சி. உங்கள் உச்சத் துடிப்பு: 208ல் இருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 172. ஓய்வுத் துடிப்பு 70ஐக் கழித்தால் கையிருப்பு 102. அதில் 60 விழுக்காடு 61, அதோடு 70ஐச் சேர்த்தால் 131. ஜெர்மன் ஆய்வின் சீரான குழு ஓடியது இந்த அளவில்தான். பேசிக்கொண்டே போகிற உங்கள் நடை அநேகமாக 100க்கும் 110க்கும் நடுவில் நிற்கும். சர்க்கரைக்கும் மூட்டுக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் விஓ2 மேக்ஸை ஏற்ற அது போதாது. இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்த அளவு கூடினால்தான் அந்த எண் நகரும், இதயம் நிரம்பி விரிகிற அளவு வேலை கொடுத்தால்தான் அது கூடும்.

முதல் நான்கு வாரம்: மூன்று நாள், 45 நிமிடம், துடிப்பு 125 முதல் 135 வரை. ஒரு முழு வாக்கியம் பேச முடியும், பாட முடியாது, அதுதான் அளவு. வேக நடையில் 125 எட்டாவிட்டால் மெதுவோட்டத்தை நடுநடுவே கலக்கலாம், அல்லது மேம்பாலச் சரிவில் ஏறி இறங்கலாம். மற்ற இரண்டு நாள் பழைய நடை.

ஐந்தாம் வாரத்திலிருந்து அந்த மூன்றில் ஒரு நாளை இடைவெளிப் பயிற்சியாக மாற்றுங்கள். முதலில் மூன்று நிமிடம் வீதம் நான்கு சுற்று, துடிப்பு 150 பக்கம். ஒன்பதாம் வாரம் 4×4: பத்து நிமிடம் உடல் சூடாக்கல், நான்கு நிமிடம் வீதம் நான்கு ஏற்றம் (வேகச் சுற்று), நடுவே மூன்று நிமிடம் மெதுநடை மூன்று தடவை, கடைசியில் ஐந்து நிமிடம் தணிப்பு. மொத்தம் 40 நிமிடம். ஏற்றத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் துடிப்பு 155க்கும் 163க்கும் நடுவில் இருக்க வேண்டும். நார்வே ஆய்வாளர்கள் 2007ல் இதே முறையை வாரம் மூன்று தடவை வீதம் எட்டு வாரம் கொடுத்து விஓ2 மேக்ஸ் 7.2 விழுக்காடு ஏறியதைக் காட்டினார்கள். அவர்கள் இளைஞர்கள். உங்களுக்கு வாரம் ஒன்று போதும், 12 வாரத்துக்குப் பிறகு வேண்டுமானால் இரண்டு, நடுவே 48 மணி நேர இடைவெளியோடு.

கெட்டுப்போகிற இடம் எப்போதும் முதல் ஏற்றம்தான். துடிப்பு உடனே ஏறாது, ஒன்றரை இரண்டு நிமிடம் பின்தங்கி வரும். கடிகாரத்தில் 130தான் காட்டுகிறது என்று விரட்டினால், மூன்றாம் நிமிடத்தில் கால் எரிந்து நிற்க வேண்டி வரும், மிச்சம் மூன்று சுற்றும் பாழ். நான்கு சுற்றையும் ஒரே வேகத்தில் முடிக்க முடிகிற வேகமே சரியான வேகம். ஏற்றம் முடிந்ததும் சிலையாக நிற்கவும் கூடாது. காலில் ரத்தம் தேங்கித் தலை சுற்றும்.

வெக்கை பற்றி. ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. உடல் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, அதனால் அதே வேகத்துக்கு அதிகம் துடிக்கிறது. 45 நிமிட ஓட்டத்தின் கடைசியில் துடிப்பு பத்துப் பதினைந்து கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறைத்து 135க்குள் வையுங்கள். சீரான நாளில் துடிப்பே எஜமான். மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவு இருக்கிறது: 31க்குக் கீழ் குறைவு, 31லிருந்து 33க்குள் மிதம், 33ம் அதற்கு மேலும் அதிகம். 4×4ஐ விடியலுக்கு முன், அல்லது குளிர்சாதன உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடுபொறியில் வைத்துக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் இப்போது போகலாமா என்று முடிவெடுக்க ஒரு மணி நேர பிஎம்2.5 (நுண்தூசி) அளவைப் பாருங்கள். 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத்தூய்மைக் குறியீடு) நாளைக்குத் திட்டம் போடுவதற்குத்தான்.

படிக்கட்டு_24

ஓடப் பிடிக்காதவர்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கே உடற்பயிற்சிக் கூடம். 4×4இன் ஏற்றத்தை அப்படியே படிக்கட்டில் செய்யலாம். ஒரு மாடிக்கு 18 முதல் 20 நொடி என்று ஏறினால் நான்கு நிமிடத்தில் 12, 13 மாடி. இறங்க மின்தூக்கி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது, முட்டிச் சிப்பியில் அழுத்தமும் கூடும். மறுநாள் வலிப்பது ஏறியதால் அல்ல, இறங்கியதால்.

மின்தூக்கி வருவதற்குள் மூன்று நிமிடம் தாண்டிவிட்டால் குடி முழுகிப்போகாது, தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருங்கள். ஒவ்வொரு படியாக ஏறுங்கள். இரண்டிரண்டாகத் தாவினால் துடிப்பு ஏறும் முன் தொடை தளர்ந்துவிடும். பழைய புளோக்குகளில் படிக்கட்டுச் சுவர் மூடியிருந்தால் காற்றே வராது, திறந்த படிக்கட்டு உள்ள பக்கமாகப் பாருங்கள். கைப்பிடியை இழுத்து ஏறினால் காலின் வேலையைக் கை திருடிவிடும்.

மாத்திரைப்பெட்டி

மருந்துப் பக்கத்தை யாரும் தொடவில்லை.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. கிளிப்பிசைடு, கிளிக்கிளசைடு போன்ற, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் கதை வேறு. தொடங்கும் முன் விரலில் குத்திப் பாருங்கள், 5.0 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும்.

மெட்ஃபார்மினைப் பற்றி ஒரு சிக்கலான செய்தியும் உண்டு. நீரிழிவு இல்லாத முதியவர்களுக்கு 12 வார ஏரோபிக் பயிற்சியோடு மெட்ஃபார்மின் கொடுத்த 2019 ஆய்வில், தசை மைட்டோகாண்ட்ரியாவில் வர வேண்டிய முன்னேற்றம் மழுங்கியது, விஓ2 மேக்ஸ் ஏற்றமும் குறைந்தது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்படாத சர்க்கரை ரத்தக் குழாய்க்குச் செய்யும் கேடு இதைவிடப் பல மடங்கு. "இளமைக்காக" நோய் இல்லாமலே மெட்ஃபார்மின் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தச் செய்தி.

அதே மாதிரி வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு தினமும் எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் உணர்திறன் கூடவில்லை என்று 2009ல் ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சியில் உண்டாகும் கொஞ்ச ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் உயிரணுவைத் தன்னைப் பழுதுபார்க்கச் சொல்லும் சமிக்ஞை. மாத்திரையால் அதை அணைத்துவிட்டால் சொல்ல ஆளில்லை. கொய்யாப்பழம் சாப்பிடுவதில் தப்பில்லை.

பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுக்கிறவர்களுக்கு மேலே சொன்ன துடிப்புக் கணக்கு எதுவும் பொருந்தாது, உச்சமே இறங்கிவிடும். பேச்சுச் சோதனையை மட்டும் நம்புங்கள். நெஞ்சில் இறுக்கம், மயக்கம், இயல்புக்கு மீறிய மூச்சிரைப்பு இதில் ஒன்று இருந்தாலும் இடைவெளிப் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவோடு 50 தாண்டியவர் அறிகுறி இல்லாவிட்டாலும் அடுத்த பலதுறை மருந்தகச் சந்திப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

காலைநடை_செங்காங்

எல்லாருக்கும் நன்றி. பரிசோதனையை விட்டுவிட்டேன். இன்று காலை ஒரு மைல் நடந்து பார்த்ததில் 15 நிமிடம் 30 நொடி, முடிவில் துடிப்பு 128. கணக்குப் போட்டால் 36 வருகிறது. கைக்கடிகாரமோ 31 என்கிறது. எதை நம்புவது? எத்தனை நாளில் எண் நகரும்?

மெதுவோட்டம்_தெம்பனிஸ்

கணக்கு சரி, 36.2. ஆனால் இந்தச் சூத்திரத்தின் பிழையே நான்கைந்து முன்பின் உண்டு, ஆகவே 31ம் 36ம் உண்மையில் சண்டை போடவில்லை. கடிகாரம் வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. வெக்கையில் துடிப்பு ஏறும்போது, பயிற்சி இல்லாத ஆள் என்று நினைத்து எண்ணைக் குறைக்கும். சிலவற்றில் உச்சத் துடிப்பு 220ல் இருந்து வயதைக் கழித்து 168 என்று போட்டிருக்கும், அமைப்பில் போய் 172 என்று மாற்றுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டாவிட்டால் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணுவதும் உண்டு. ஓடும்போது 170 காட்டி, உங்கள் காலடியும் நிமிடத்துக்கு 170 என்றால் சந்தேகப்படுங்கள். நெஞ்சுப் பட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். அதே தடம், அதே நேரம், அதே செருப்பு... சப்பாத்து என்று சொல்ல வந்தேன். வெயில் ஏறிய பிறகு நடந்தால் துடிப்பு பத்து கூடும், அதுவே எண்ணை 1.6 இறக்கிவிடும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும். இரண்டுக்குக் குறைவான மாற்றத்தைப் பொருட்படுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் சட்டென்று சுலபமாகத் தோன்றும், தசை மாற்றம் அதற்குப் பிறகுதான் மெல்ல வரும். 12 வாரமாகியும் நகரவில்லை என்றால் "எனக்கு ஒத்துவரவில்லை" என்று விடாமல் வாரத்துக்கு ஒன்றிரண்டு அமர்வு கூட்டுங்கள். 2017ல் வந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில், முதல் ஆறு வாரம் முன்னேறாத இளைஞர்கள் எல்லாருக்கும் அமர்வைக் கூட்டியதும் ஏறியது.

ஊருக்குப் போய் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் 7 விழுக்காடு வரை இறங்கியிருக்கலாம். திரும்பியதும் நேரே 4×4ல் குதிக்காமல் முதல் வாரம் முழுக்க 125–135க்குள் ஓட்டிவிட்டு மறுவாரம் ஏறுங்கள். குதிகால் தசைநாண் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த முதல் வாரத்தில்தான்.